போர்வெல்லுக்குக் கட்டிய லுங்கி

விவேக் நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிப்படிக்கு அடியில் ஒரு போர்வெல் இருந்தது. அது மூச்சு விட்டது. இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, ஓட்டலில் உனக்கு வேலை அதிகமாகிவிட்டது, ரெண்டு நாள் லீவு போடு என்றார். அவர் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேப் ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தூங்குவார். காதுக்குப் பக்கத்தில் வெடி வைத்தாலும் புரண்டு படுப்பாரே தவிர எழுந்திருக்க மாட்டார். அவரிடம் போய்ச் சொன்ன என்னைத்தான் சொல்ல வேண்டும்.

கீழ் வீட்டில் வீட்டு ஓனர் அக்கா இருந்தார். தலைமுறை தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அவர் தமிழில் கன்னடம் பாதி வழியில் ஏறிப் பாதி வழியில் இறங்கிக்கொள்ளும். நான் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரி. வந்த புதிதில் அவர் பேசுவதில் பாதியைத் தலையாட்டியே ஒப்பேற்றினேன். முன்னறையில் ஒரு சின்ன மெஸ் நடத்தினார். சுற்றுவட்டாரத்தில் பி.ஜி. விடுதிகளில் தங்கி வேலைக்குப் போகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு. சமைக்கக் காவேரித் தண்ணீர், அது வருகிற நாளில் ட்ரம்மில் பிடித்து வைப்பார். அரிசி களைய, பாத்திரம் கழுவ, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் போர்வெல்தான்.

அந்தப் போர்வெல்லைப் போட்டவர் அக்காவின் கணவர். பீன்யாவில் இரும்பு வார்க்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்து, அங்கே பறந்த தூசியெல்லாம் நெஞ்சில் வாங்கிக்கொண்டு வந்தவர். நாங்கள் குடி வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். அவர் மூச்சு இழுக்கும் சத்தம் மாடிக்குக் கேட்கும். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி மெல்லிய விசில், நீளமாக, முடியவே முடியாது போல. முடிந்து அடுத்தது தொடங்கும்வரை மேலே நானும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பேன். ஒரு நாள் அடுத்தது தொடங்கவில்லை.

அவர் போன பிறகு அக்காவின் ஒரே மகன் வீட்டை பில்டருக்குக் கொடுத்துவிட்டுத் தன்னோடு வரச் சொன்னான். எலெக்ட்ரானிக் சிட்டியில் அபார்ட்மென்ட், லிஃப்ட், பார்க், எல்லாம் இருக்கிறது என்றான். அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இந்த வீட்டில் தண்ணீர் இருக்கிறவரை எழுந்திருக்க மாட்டேன். அப்படியானால் தண்ணீர் நின்றால் வந்துவிட வேண்டும் என்று மகன் பேச்சை அங்கேயே பிடித்துக்கொண்டான். அக்காவும் சரி என்றார். அவர் கணவர் போட்ட போர்வெல் நிற்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

அந்தக் கோடையில் ஊர் முழுக்கத் தண்ணீர்ப் பேச்சு. ஆட்டோவில் ஏறினால் டிரைவர் தன் தெருவுக்கு டேங்கர் வராத கதையை இறங்கும்வரை சொல்வார். எங்கள் குழாய் முதலில் விட்டு விட்டுக் கொட்டியது. பிறகு சேறு. பிறகு ஒரு நாள் வெறும் காற்றாக இருமியது. அக்கா மோட்டாரை நிறுத்தி, சுவிட்சின் மேல் ஒரு ஜெபமாலையை மாட்டினார். மகனிடம் மூச்சு விடாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். பாத்திரம் கழுவவும் காவேரித் தண்ணீரையே இழுத்துப் பிடித்து வைத்தார். மெஸ்ஸில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பதில் இலை வந்தது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் கீழிருந்து என்னைக் கூப்பிட்டார். குரல் சரியில்லை. ஓடினேன். மாடிப்படிக்கு அடியில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நிற்கும் இரும்புக் குழாயின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். குழாயின் மூடித் தகடு ஒரு பக்கம் துருப்பிடித்து உடைந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. மெல்லிய விசில், நீளமாக. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் இருந்த யாருக்கும் தெரியும்.

"அவருதாம்மா," என்றார் அக்கா. "மூச்சு வாங்குறாரு."

பயத்தை மறைக்க, பூமிக்குள் காற்று அப்படி இப்படிப் போகும் அக்கா என்று ஏதோ உளறினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. உள்ளே போய் நீலக் கட்டம் போட்ட பழைய லுங்கி ஒன்றை எடுத்து வந்தார். இரண்டாக மடித்து, குழாயின் வாயில் விரித்து, சணல் கயிற்றால் சுற்றிக் கட்டினார்.

"தூசி உள்ள போவக் கூடாது. தூசிதான் அவருக்கு ஆவாது."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லுங்கி உள்பக்கமாகக் குழிந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு தளர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே உப்பியது. தூங்குகிற குழந்தையின் வயிறு அப்படித்தான் ஏறி இறங்கும். உப்பியபோது அதன் மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்பான காற்று, ஈர இரும்பு வாசனை. கையை எடுத்து நைட்டியில் துடைத்துக்கொண்டேன். ஃபாதரிடம் சொல்லிவிடாதே, திட்டுவார் என்றார் அக்கா. சொல்லவில்லை.

நான் வேலை பார்க்கும் ஓட்டல் எங்கள் தெருவுக்கு நேர் பின்னால். இட்லி விற்கிற ஓட்டல் இல்லை, ரூம் போட்டுத் தங்குகிற ஓட்டல். அதன் பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரில் ஏறி நின்றால் எங்கள் மொட்டை மாடியில் காயும் துணி தெரியும். அங்கே ஹவுஸ்கீப்பிங் என் பொறுப்பு. அதே கோடையில் எங்கள் ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, ஓட்டலின் நிலத்தடி நீர்ச் செலவைக் குறைக்கும் வேலையும் இனி உங்களுடையதுதான் என்றார். ஏன் நான் என்று கேட்டேன். வீட்டில் தண்ணீரைப் பார்த்துச் செலவு பண்ணுவது பெண்கள்தானே என்று பெரிதாகப் பாராட்டுவது போலச் சொன்னார். இதே பெண்கள் வீட்டில் கணக்கும் பார்க்கிறார்கள், அக்கவுன்ட்ஸ் மேனேஜர் நாற்காலியைக் கொடுப்பீர்களா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

இறங்கினால் எனக்கு அரைகுறை பிடிக்காது. ஷவர்த் தலைகளை மாற்ற வைத்தேன். பாத்டப்புகளைப் பிடுங்கினேன். கிச்சனில் உறைந்த கறியை ஓடுகிற குழாயடியில் போட்டு வைக்கும் வழக்கத்துக்காகச் சமையல்காரர்களோடு சண்டை போட்டேன். கழிவு நீரைச் சுத்தம் செய்து தோட்டத்துக்கும் ஃப்ளஷ்ஷுக்கும் திருப்பினோம். எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது துண்டுதான். துண்டை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால் கம்பியில் மாட்டுங்கள் என்று ரூமில் அட்டை வைத்தோம். விருந்தாளிகள் ஒழுங்காக மாட்டினார்கள். எங்கள் ரூம் பையன்களோ அதையும் எடுத்து லாண்டரியில் போட்டுவிட்டுப் புதுத் துண்டு வைத்தார்கள். காரணம், புதுத் துண்டை மடித்தால்தான் அன்னப்பறவை உருவம் செய்ய வரும். கட்டில்மேல் அன்னம் உட்கார்ந்திருந்தால்தான் டிப்ஸ் வரும். ஒரு அன்னத்துக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று யாரும் யோசிக்கவில்லை. அன்னத்துக்குத் தடை போட்டேன். பையன்கள் ஒரு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

மீட்டர் இறங்கியது. லாபியில் ஒரு சான்றிதழ் ஏறியது. ஜி.எம். அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஓரத்தில் நானும் நின்றேன், பாதிக் கை மட்டும் போட்டோவில் விழுந்திருக்கிறது. மிச்சமான தண்ணீரைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், வெளியே கொடுத்துக்கொண்டிருந்த விரிப்புச் சலவையை மறுபடி உள்ளே கொண்டுவந்ததுதான். மிச்சம் பிடித்ததைச் செலவழிப்பதில் மனிதர்களுக்கு இருக்கிற அவசரத்தை நான் அங்கேதான் கண்ணாரப் பார்த்தேன்.

இதற்கிடையில் வார லீவு நாள் ஒன்றில் நான் மாடிப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா கடைக்குப் போயிருந்தார். கீழே குழாயின் வாயில் லுங்கி ஆழமாகக் குழிந்து கிடந்தது. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்ட விசில். அப்போது ஒரு ரூம் ஃப்ளஷ் ஒழுகுவது நினைவுக்கு வந்து, ஓட்டல் மோட்டார் ரூமுக்குப் போன் போட்டேன். அங்கே இருப்பவர் வேலூர்க்காரர், பேச்சுக்கு ஒரு மேடம் போடுகிறவர். அவர் போனை எடுக்கத் தாமதமானது. அதற்குள் விசில் நின்று, லுங்கி மெல்லத் தளர்வதைப் பார்த்தேன். எடுத்ததும், மன்னிச்சுக்குங்க மேடம், டேங்க் நிரம்பிடுச்சு, போர் மோட்டாரை நிறுத்திட்டு வந்தேன் என்றார்.

லுங்கியைப் பார்த்தேன். அது உப்பிக்கொண்டிருந்தது. ஃப்ளஷ்ஷை மறந்துவிட்டேன்.

"திரும்பப் போடுங்க."

"டேங்க் வழியும் மேடம்."

"வழியட்டும். போடுங்க."

தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேமிக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துகிறவள் சொல்கிற வார்த்தையா இது என்று அவர் நினைத்திருப்பார். போனில் டக்கென்று சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது. இங்கே கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது, என்ன பைத்தியக்காரத்தனம் என்று. பிறகு நீலக் கட்டங்கள் நடுவில் அசைந்தன. துணி இறங்கியது. விளிம்பில் கயிறு இறுகியது. அந்த விசில் தொடங்கியது, அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இழுத்த அதே இழுப்பு. பூண்டுத் தட்டு என் மடியிலிருந்து விழுந்து படியெல்லாம் சிதறியது. போதும், நிறுத்துங்க, நிறுத்துங்க என்று போனில் கத்தினேன்.

அங்கே மோட்டார் தண்ணீரை இழுத்தால் இங்கே குழாயில் நீர் இறங்கி, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகிறது, நிறுத்தினால் நீர் ஏறிக் காற்றை வெளியே தள்ளுகிறது. பேய் என்று நினைத்தபோது இருந்த பயம் வேறு. காரணம் தெரிந்த பிறகு வந்த பயம் அதைவிட மோசம். பேயாக இருந்தால் ஃபாதரைக் கூப்பிடலாம். அன்றிலிருந்து ஓட்டலில் எந்த ரூமில் ஷவர் திறக்கும் சத்தம் கேட்டாலும் என் கண்ணுக்கு முன்னால் நீலக் கட்டம் இறங்கியது. காரிடாரில் நடக்கும்போதே நின்றுவிடுவேன். யாரோ முகம் கழுவுவார்கள், யாரோ காரைக் கழுவுவார்கள், எனக்கு மட்டும் யாரோ மூச்சுக்குத் திணறுவது கேட்கும். அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. புருஷன் என்று நம்பிக் குழாயின் வாயைத் துணியால் கட்டிப் பார்த்துக்கொள்கிறவரிடம் போய், அது புருஷன் இல்லை, எங்கள் ஓட்டல் மோட்டார் என்று எப்படிச் சொல்வது? இரண்டாவது தடவை அவரைத் தாலி அறுக்க வைப்பது போலத் தோன்றியது.

ஜி.எம்.மிடம் சொல்லிப் பார்த்தேன். நம் போர்வெல் பின் தெருவின் தண்ணீரை இழுக்கிறது என்றேன். பாறைக்குக் கீழே யார் வேலி போட்டிருக்கிறார்கள், எல்லார் வீட்டிலும் போர்வெல் இருக்கிறதே, நாம்தான் இழுக்கிறோம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். என்னிடம் இருந்த ஆதாரம் ஒரு லுங்கி. மீட்டிங் ரூமில், கோட்டும் டையுமாக உட்கார்ந்திருப்பவர்களிடம் அதை எடுத்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

மழைக்காலம் முடியும்போது ஆயுத பூஜை வந்தது. ஓட்டலில் லிஃப்டுக்கும் பாய்லருக்கும் ஓடும்போதே பொட்டு வைத்துவிடுவார்கள், நிறுத்த முடியாது. ஆனால் மோட்டார் ரூம்காரர் போர் மோட்டாரை நிறுத்தியே தீருவார். வருஷமெல்லாம் உழைக்கிற பொருளுக்கு அந்த ஒரு நாள் ஓய்வு கொடுக்காவிட்டால் கை விளங்காது என்பது அவர் கட்சி. முதல் நாளே டேங்கரை வரவழைத்துத் தொட்டிகளை நிரப்பிக்கொண்டார். மோட்டார் பேனலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, சுவிட்சை இறக்கினார். பொரி கடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நான் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா மாடிப்படிக்கு அடியில் நின்றிருந்தார். லுங்கி உப்பியிருந்தது. காலையிலிருந்து உள்ளே போகவே இல்லை, வெளியேதான் வந்துகொண்டிருக்கிறது என்றார். மதியத்துக்கு மேல் அதுவும் அடங்கி, துணி தட்டையாக, சாந்தமாகக் கிடந்தது. எனக்கு ஒன்று தோன்றியது. மோட்டாரைப் போட்டுப் பாருங்கள் அக்கா என்றேன். அவர் ஜெபமாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். குழாய் இருமியது. செம்மண் நிறத்தில் கொட்டியது. பிறகு தெளிந்தது. தெளிந்த தண்ணீர், அகலமாக, சத்தமாக. அக்கா இரண்டு கையாலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அவர் கணவர் ஒருவழியாக நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டார் என்று அவர் அழுதார். நான் எதற்கு அழுதேன் என்றால், ஒரே ஒரு நாள் ஓட்டலில் நாங்கள் சும்மா இருந்திருந்தால் போதும் என்று தெரிந்துவிட்டதற்காக.

அதற்குப் பிறகு நான் ஜி.எம்.மை விடவில்லை. லுங்கியைப் பற்றிப் பேசாமல், சான்றிதழைப் பற்றிப் பேசினேன். வாரம் ஒரு நாள் போர்வெல்லுக்கு ஓய்வு கொடுக்கிற ஓட்டல் என்று எழுதிக்கொள்ளலாமே என்றேன். அவர் கண் மின்னியது. ஞாயிற்றுக்கிழமை ரூம் காலியாக இருக்கும், அன்றைக்கு நிறுத்தலாம் என்று ஒப்புக்கொண்டார்.

அந்தச் சில மாதங்கள் நன்றாக இருந்தன. ஞாயிறு காலை அக்கா சர்ச்சில் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் லுங்கி உப்பி அடங்கியிருக்கும். தலையில் போட்ட முட்டாக்கைக்கூட எடுக்காமல் மோட்டாரைப் போடுவார். ட்ரம், அண்டா, வாளி, குழம்புப் பாத்திரம் என்று வீட்டில் வாய் திறந்த எல்லாவற்றையும் நிரப்புவார். வாரம் முழுக்க அதை வைத்து ஓட்டுவார். ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்வெடுத்தார், இவர் எடுக்க மாட்டாரா என்பார். மெஸ்ஸில் இலை போய் மறுபடி தட்டு வந்தது. மகன் போனில் விசாரித்தால், நம்மூட்டு தண்ணிக்கு என்னப்பா கொறச்சல் என்று எனக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வார். மற்ற நாளில் விசில் கேட்டால், பொறுத்துக்குங்க, ஞாயித்துக்கிழமை வந்துடும் என்று குழாயிடம் பேசுவார். படியேறும்போது அதைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

ஓட்டல் மாடியில் கல்யாண ஹால் திறந்தார்கள். கல்யாணம் என்றால் ஞாயிறுதானே. ஓய்வு நாள் தாற்காலிகமாக நிறுத்தப்படுகிறது என்று ஒற்றை வரியில் மெயில் வந்தது. தாற்காலிகம் என்ற சொல்லை அலுவலகங்களில் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் ஞாயிறு லுங்கி உப்பவில்லை. இரண்டாவது ஞாயிறும் இல்லை. அண்டாக்கள் காலியாகின. அக்கா நோன்பிருந்தார். அவருக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று என்னிடம் கேட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு மகன் வீட்டைப் பார்க்க வருகிறான் என்று அவர் சொன்ன அன்றைக்கு, மாடிப்படியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மோட்டார், பாறை, ஷவர், லாண்டரி, ஹால்.

அழுவார், அடிப்பார், வீட்டைக் காலி பண்ணு என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"அப்போ அது உன் கையிலதான் இருக்குதா?"

"என் கையில இல்லக்கா. ஜி.எம். சொல்லணும்."

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழம நிறுத்தச் சொல்லும்மா. பையன் வந்து தண்ணியப் பாத்துட்டுப் போயிடட்டும். ஸ்வல்ப வந்தாலும் போதும்."

ஜி.எம்.மைக் கேட்டால் நடக்காது என்று தெரியும். அந்த ஞாயிறு காலை நானே மோட்டார் ரூமுக்குப் போய் சுவிட்சை இறக்கினேன். வேலூர்க்காரர் என்னைப் பார்த்தார், பேனலைப் பார்த்தார், டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். தொட்டியில் இருக்கிற தண்ணீர் முகூர்த்தம் வரை வரும் என்பது என் கணக்கு. மாடியில் மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், ஒவ்வொருவரும் இரண்டு தடவை குளித்தார்கள். என் கணக்கு எங்கே நிற்கும்?

மணப்பெண் ரூமிலிருந்து இன்டர்காம் வந்தது. போனேன். குளியலறைக் கதவிடுக்கில் அந்தப் பெண் நின்றிருந்தாள். தலையெல்லாம் எண்ணெயும் சீயக்காயும், கண்ணைத் திறக்க முடியாமல் எரிச்சலில் இமையை இறுக்கியிருந்தாள். அவள் அம்மா கையில் காலி மக். வெளியே நாதஸ்வரக்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்டி, கண்ணு எரியுது ஆன்ட்டி என்றாள் அந்தப் பெண், யாரிடம் பேசுகிறோம் என்றுகூடத் தெரியாமல். அவள் என்ன பாவம் செய்தாள்? கீழே ஓடினேன். சுவிட்சை நானே ஏற்றினேன். அதை ஏற்றிய விரலில் சுவிட்சின் சூடு இருந்தது. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் லுங்கி இறங்குவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மகன் மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தான். கெட்டவன் இல்லை அவன். அம்மாவுக்குப் பிடித்த பிளம் கேக் வாங்கி வந்திருந்தான். குழாயிலிருந்து விழுந்த சேறு அவன் ஷூவில் தெறித்திருந்தது, அதைத் துடைக்கவும் தோன்றாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா என்னைப் பார்த்தார். மகன் பக்கம் திரும்பி, வரேம்ப்பா என்றார். அவ்வளவுதான்.

போகும் நாளில் ஜெபமாலையை சுவிட்சிலிருந்து கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் இருந்த துணியெல்லாம் மூட்டையில் ஏறியது. லுங்கி மட்டும் குழாயில் இருந்தது. எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. தூசி உள்ள போயிடும்."

மோட்டார் என்று நான் விளக்கிச் சொன்னதெல்லாம் அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் அப்படித்தான் சொன்னார்.

பில்டரின் காகித வேலைகள் இழுத்துக்கொண்டே போனதால் நாங்கள் மாடியிலேயே இருந்தோம். கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. என் வீட்டுக்காரருக்கே வீடு மாதிரி இல்லை என்று தோன்றிவிட்டது, தூங்கி எழுந்ததும் வேறு வீடு பார்க்கலாம் என்பார், பிறகு மறுபடி தூங்குவார். வேலை முடிந்து வரும்போது விசில் என்னை வாசலிலேயே பிடித்துக்கொள்ளும். காலியான வீட்டில் அது இன்னும் சத்தமாகக் கேட்டது. படிக்குக் கீழே பார்க்காமல் ஏறப் பழகினேன். பார்க்காவிட்டால் மட்டும் என்ன, காதை எங்கே கழற்றி வைப்பது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. வேலூர்க்காரர் டேங்கரை வரவழைத்து, வாழைக்கன்று கட்டி, சுவிட்சை இறக்கினார். அன்றைக்கு ஹாலில் கல்யாணம் இல்லை. பொரிப் பொட்டலத்தோடு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அந்த வருஷ மழை நல்ல மழை. லுங்கி வெயிலும் தூசியும் பட்டு வெளுத்து, கட்டங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போயிருந்தது. ஆனால் உப்பியிருந்தது. நன்றாக, உருண்டையாக. கையை வைத்தேன். அதே வெதுவெதுப்பு. இந்தத் தடவை நான் கையைத் துடைக்கவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். அபார்ட்மென்டில் லிஃப்ட் இருக்கிறது, பார்க் இருக்கிறது, தண்ணீர் டேங்கரில் வருகிறது, எங்கிருந்து உறிஞ்சி எடுத்து வருகிறார்களோ ஆண்டவருக்குத்தான் வெளிச்சம் என்றார். தண்ணி வந்திருக்குதுக்கா என்றேன். போனைக் குழாயின் பக்கத்தில் வைத்தேன். உடைந்த தகட்டின் வழியாகக் காற்று வெளியே வரும் சத்தம், நீளமாக, அவசரமில்லாமல். எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தேன் என்று தெரியாது. போனைக் காதுக்குக் கொண்டுவந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார்.

"போடட்டுமாக்கா? ஒரு தடவ தண்ணி விழற சத்தத்தக் கேக்கறீங்களா?"

"வேணாம்மா, போடாத," என்றார். "இன்னிக்கு ஒரு நாளாவது அவரு மூச்சு விட்டுக்கட்டும்."

சுவிட்சுக்குப் பக்கத்தில் போன என் கை நின்றுவிட்டது. சாயங்காலம்வரை அந்தக் குழாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், காற்று அடங்கி, துணி தட்டையாகும்வரை. ஓட்டலில் மறுநாள் பூஜையைக் கலைத்து மோட்டாரை முதலில் போடுவதற்கு, ராசியான கை என்று என்னைத்தான் வரச் சொல்லியிருந்தார்கள்.